என்சோர் வெறும் முகமூடி ஓவியர் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் எக்ஸ்பிரஷனிசம் (கண்டதை அப்படியே வரையாமல், மன உணர்ச்சியை மிகைப்படுத்திய உருவத்திலும் வண்ணத்திலும் காட்டும் ஓவிய இயக்கம்) பற்றி வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் வான்கோவுக்கும் நார்வே ஓவியர் மூங்க்குக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்துவிட்டு, பெல்ஜியத்தின் ஜேம்ஸ் என்சோரை 'விசித்திரமான முகமூடிகளை வரைந்தவர்' என்று ஒரே வரியில் முடித்தது எனக்கு வருத்தமாக இருந்தது.

முகமூடி அவருக்கு விசித்திரமான பொருளே அல்ல. 1860-இல் ஆஸ்டெண்ட் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். அவர் வீட்டார் நடத்திய கடையில் சங்கு, சிப்பி, பீங்கான் சாமான்களோடு கார்னிவல் திருவிழாவில் அணியும் முகமூடிகளும் விற்பனைக்குத் தொங்கின. 1890-இல் அவர் தீட்டிய 'சதி' ஓவியத்தை நன்றாகப் பாருங்கள். நெருக்கியடித்து நிற்கும் அந்த ஆட்களில் எது தோல், எது அட்டை என்று பிரிக்கவே முடியாது. முகமூடி, ஒளிந்துகொள்ள உதவும் பொருள் என்ற நிலை போய், அதுவே மனிதர்களின் உண்மை முகமாகிவிடுகிறது. இதுதான் என்சோர் செய்த பெரிய காரியம்.

'கிறிஸ்து பிரஸ்ஸல்ஸ் நகருக்குள் நுழைதல்' 1888-இல் வரையப்பட்டது. நான்கு மீட்டருக்கும் மேல் அகலம். முன்னால் பேண்டு வாத்தியம், பிதுங்கும் முகங்கள், மேலே சிவப்புப் பதாகை. கழுதைமேல் வரும் கிறிஸ்துவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அத்தனை சின்னதாக, கூட்டத்துக்குப் பின்னால் இருக்கிறார். வண்ணங்களைக் குழைத்து மென்மையாக்காமல் பச்சையும் சிவப்புமாகக் கெட்டியாக அப்பியிருக்கிறார். மூங்க்கின் 'அலறல்' வருவதற்கு ஐந்து வருடம் முன்பே இவ்வளவும் நடந்துவிட்டது.

அதே சமயம், இந்த ஒரு படம்தான் ஜெர்மன் எக்ஸ்பிரஷனிச ஓவியர்களை மாற்றியது என்று சிலர் எழுதுவதும் சரியல்ல. 1929 வரை அது பொதுமக்கள் பார்வைக்கு வரவே இல்லை. அவர் வீட்டுச் சுவரில்தான் இருந்தது. வெளியூர்களுக்குப் போனவை அவருடைய எச்சிங் அச்சுகள், அதாவது உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மை பூசிக் காகிதத்தில் எடுத்த படங்கள். வண்ணம் காலத்தில் கெட்டுவிடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. செப்புத் தகட்டை நம்பி நூற்றுக்கும் மேற்பட்ட எச்சிங்குகள் செய்தார். ஓவியர் பால் க்ளே இளம் வயதில் பார்த்துக் கவரப்பட்டது இவற்றைத்தான். அப்புறம் 1911-இல் ஜெர்மன் எக்ஸ்பிரஷனிச ஓவியர் எமில் நோல்டே ஆஸ்டெண்டுக்கே போய் அவரைச் சந்தித்தார். நோல்டேயின் முகமூடிப் படங்களும் அதே ஆண்டில் தொடங்குகின்றன. தாக்கம் என்று பேசினால் இந்த வழிகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஒரு வேண்டுகோள். 1886-இல் அவர் செய்த 'கதீட்ரல்' எச்சிங்கை ஒரு முழுப் பக்கத்தில் வெளியிடுங்கள். வானளாவிய தேவாலயம், அதன் அடியில் எண்ண முடியாத குட்டித் தலைகள், எல்லாமே நடுங்கும் மெல்லிய கோடுகள். தபால்தலை அளவில் போட்டால் அந்தத் தலைகள் வெறும் கரும்புள்ளியாகிவிடும். கறுப்பு வெள்ளைப் படம்தான், வண்ண அச்சுச் செலவும் உங்களுக்கு இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்