சைரன் ஊதிய புதன்கிழமை

பேர்ன், சுவிஸ்,
9.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் தைப்பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. பதில் எழுதச் சுணங்கியதற்குக் குளிரைச் சாட்டலாம், நீங்கள் நம்பமாட்டீர்கள். போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை என்று அக்கா சொன்னார். அவரே இதை உரத்து வாசிக்கட்டும்.

நான் நல்ல சுகம். இரவில் மைனஸ் 6 வரை போகிறது, ஆனால் குசினிக்குள் சூடுதான். நாள் முழுக்க உருளைக்கிழங்கு துருவுகிறேன். அதை ரொட்டி மாதிரித் தட்டிப் பொரித்து ‘ரோஸ்டி’ என்கிறார்கள். செத்தல் மிளகாய்ச் சம்பல் இருந்தால் சாப்பிடலாம்.

போன புதன்கிழமை ஒரு கூத்து. மத்தியானம் ஒன்றரைக்கு ஊரெல்லாம் சைரன். சண்டை ஒன்றுமில்லை. வருடாவருடம் பெப்ரவரி முதல் புதனன்று, வேலை செய்கிறதா என்று நாடு முழுக்க ஊதிப் பார்ப்பார்கள். பதினைந்து வருடமாக எனக்கு இது தெரியும். உடம்புக்குத்தான் தெரியவில்லை. துருவுபலகையோடு மேசைக்குக் கீழே குந்திவிட்டேன். எங்கள் ஊரில் சைரனா ஊதியது? பொம்பர் வந்தால் நீங்கள் போடும் சத்தம்தானே.

கீழ்வீட்டுக் கிழவரிடம் இதைச் சொன்னேன். நான் உடுப்புத் தோய்த்த பிறகு மெஷினை விரலால் தடவித் தூசி பார்ப்பாரே, அவர்தான். ஒன்றும் பேசாமல் சாவியை எடுத்துக்கொண்டு நிலவறைக்குக் கூட்டிப்போனார். எங்கள் கட்டடத்துக்கும் பங்கர் இருக்கிறது, அம்மா! மொத்தமான கொங்கிறீட் கதவு, காற்றுக்குக் கையால் சுற்றும் யந்திரம். உள்ளே சைக்கிளும் பனிச்சறுக்குக் கட்டைகளும் வைன் போத்தல்களும். 1963இல் சட்டம் போட்டுக் கட்டத் தொடங்கியவர்களாம். இப்போது ஏறக்குறைய 90 லட்சம் சனத்துக்கும் இடமுண்டு. என்னுடைய இடம் தன் அப்பிள் பெட்டிக்குப் பக்கத்தில் என்று காட்டினார்.

இங்கே ஆமி என்று தனியாக ஒரு கூட்டம் பெரிதாக இல்லை. வங்கிக்காரன், தச்சன், வாத்தியார், எல்லாரும் வருடத்தில் மூன்று வாரம் சீருடை போடுகிறவர்கள்தான். சமாதான காலத்தில் ஜெனரலே கிடையாது. கடைசியாக இருந்தவர் கிசான், இரண்டாம் உலகப் போரோடு சரி. போர் விமானம் வாங்குவதென்றாலும் சனத்திடம் வாக்குக் கேட்கிறார்கள். 2014இல் வேண்டாம் என்றார்கள். 2020இல் சரி என்றார்கள், அதுவும் 50.1 வீதம்தான். கிழவர் இரண்டு முறையும் வேண்டாம் என்று போட்டவராம். எங்களிடம் யார் கேட்டார்கள்?

இங்கே இருக்கும் கோண்டாவில் மாமாவின் மூத்த பெடியன் 18 வார ஆமிப் பயிற்சி முடித்துத் துவக்கோடு வீட்டுக்கு வந்திருக்கிறான். ரவை கொடுப்பதில்லை, துவக்கு மட்டும்தான். அதைச் சாமியறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று மாமி சொல்லிவிட்டார். கோட் அலுமாரிக்குள் நிற்கிறது. அன்று ரயிலில் அவன் என்னைக் கண்டு “மச்சான்” என்று கட்டிப்பிடித்தான். எனக்குச் சீருடைதான் தெரிந்தது. முதுகு வேர்த்துவிட்டது. பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

ஒன்று சொல்கிறேன், கவலைப்படாதீர்கள். வந்த புதிதில் பெரிய கட்டடத்தில் இருக்கிறேன் என்று எழுதினேனே, அது நிலத்துக்குக் கீழே, இப்படியொரு பங்கர்தான். ஜன்னல் இல்லை. விடிந்ததா என்றுகூடத் தெரியாது. அப்போது எழுத மனம் வரவில்லை. கிழவர் கதவைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. பிறகு வேலைக்குப் போகவில்லை, அறையில் படுத்துக் கிடந்தேன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் உங்கள் கையால்... சரி, விடுங்கள்.

வசாவிளான் காணியை ஆமி விட்டுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். நான்கு தரம் வாசித்தேன். 1990இல் நாங்கள் ஓடும்போது எனக்கு எட்டு வயது. காணி உறுதியின் பிரதி அக்காவிடம் இருக்கிறது. அத்தான் அதைக் கொண்டுபோய் எல்லையை அளப்பிக்கட்டும். தெற்கு வேலியில் பக்கத்துக் காணிக்காரரோடு வாய் கொடுக்க வேண்டாம். மிதிவெடி இல்லையென்று எழுத்தில் வாங்கும் வரை தங்கச்சியின் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். கிணறு இறைக்கக் காசு இந்த மாத முடிவில் அனுப்புவேன். வங்கியில் ஏதோ சுணக்கம், வேறொன்றுமில்லை.

அப்புறம், மூலைப் பனையடியில் அப்பா வெட்டிய பங்கர் கிடங்கு இன்னும் இருக்கிறதா என்று அத்தானைப் பார்க்கச் சொல்லுங்கள். பற்றைக்குள் தெரியாது, மாடு விழுந்துவிடும். இருந்தால் மண் போட்டு மூடட்டும். மூடுவதற்கு முதல் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்