பையைப் பாருங்கள், போனை ஏன் பார்க்கிறீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் டூவீலரில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். இரும்புக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. கன்னியக்கோவில், முள்ளோடை வழியாக வீடு திரும்புகிற எவருக்கும் போலீசின் மதுச் சோதனைக்காக வண்டியை ஓரங்கட்டி, சீட்டைத் தூக்கிக் காட்டுவது பழக்கம்தான். அங்கே சரக்கு விலை குறைவு, இங்கே கடத்திவர ஆளும் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டவர்கள் விஷச் சாராயத்துக்குப் பலியான பிறகு சோதனையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன்.

சென்ற மாதம் எல்லையோரச் சாவடி ஒன்றில் எனக்கு முன்னால் ஒரு பையன். இருபது வயது இருக்கும். கைலி, காலெல்லாம் சிமெண்ட். வண்டி நிற்பதற்குள் சாவியை உருவிவிட்டார்கள். பையைக் கவிழ்த்தார்கள்: ஒரு கரணை, காலி டிபன் பாக்ஸ், அழுக்குச் சட்டை. பாட்டில் இல்லை. அத்தோடு விட்டிருக்கலாம். "டேய், போனைக் குடு. லாக்கை எடு." எடுத்தான். காவலர் வாட்ஸ்அப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார், பிறகு போட்டோக்கள். ஏதோ ஒரு படத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் காட்டிச் சிரித்தார். பையன் சாவிக்காக நீட்டிய கையை மடக்கவே இல்லை.

அடுத்தது நான். சட்டையை இன் பண்ணியிருந்தேன். "நீங்க போங்க சார்." என் பையைத் தொடக்கூட இல்லை. அந்தக் காவலரின் சட்டையில் பெயர்ப்பட்டை இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் தெரிந்தன. நானும் வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன்.

மதுவிலக்குச் சட்டப்படி வண்டியைச் சோதிக்கலாம். லைசென்ஸ், ஆர்.சி. கேட்கலாம், டிஜிலாக்கரில் காட்டினாலே போதும். செல்போன் கதை வேறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-வது பிரிவின்படி, விசாரணைக்கு ஒரு போன் தேவை என்றால் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் உத்தரவு போட்டுக் கேட்கவேண்டும். பாட்டிலே சிக்காத இடத்தில் என்ன வழக்கு, என்ன விசாரணை? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-லேயே சொல்லியாயிற்று.

'தரமாட்டேன்னு சொல்லவேண்டியதுதானே' என்பார்கள். அதே சன்ஹிதாவின் 172-வது பிரிவு அங்கேதான் பயமுறுத்துகிறது. போலீஸ் உத்தரவுக்குக் கட்டுப்படாதவரைப் பிடித்து வைக்கலாம், சில்லறை விவகாரம் என்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம் என்கிறது அது. குற்றத்தைத் தடுக்கப் போடும், சட்டத்துக்கு உட்பட்ட உத்தரவுக்குத்தான் இது பொருந்தும். 'போட்டோவைக் காட்டு' என்பது அதில் சேராது. ஆனால் இந்த வித்தியாசத்தை ராத்திரி எட்டு மணிக்கு ஏட்டிடம் ஒரு சித்தாள் பையன் விளக்க முடியுமா? ஸ்டேஷனில் உட்கார வைத்தால் மறுநாள் கூலி போச்சு.

கைது என்றால் காரணம் சொல்லவேண்டும், வீட்டுக்குத் தகவல் தரவேண்டும், பெயர்ப்பட்டை தெளிவாகத் தெரியவேண்டும். கைதாகிறவர்களின் உரிமை பற்றி உச்ச நீதிமன்றம் சொன்ன டி.கே. பாசு வழக்குத் தீர்ப்பிலிருந்தே இருக்கும் விதிகள் இவை. 'சும்மா விசாரிக்கிறோம்' என்று நிறுத்தி வைத்தால் கைதே இல்லை என்று சொல்லி எல்லாவற்றிலிருந்தும் நழுவிவிடுகிறார்கள்.

இரு பக்கத்துக் காவல்துறையிடமும் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு சாவடியிலும் தமிழில் ஒரு பலகை வையுங்கள். எதையெல்லாம் சோதிப்பீர்கள், பணியில் இருக்கும் எஸ்.ஐ. யார், புகார் சொல்ல எந்த எண், இலவச சட்ட உதவிக்கு 15100. எல்லையில் பிராந்திக் கடைகளுக்கு இருக்கும் போர்டுகளைப் பார்த்தால் இதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 'செல்போனைக் கேட்கமாட்டோம்' என்ற வரி மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.