சம்மதம் சொன்னவர்களுக்கும் சொல்லாதவர்களுக்கும், ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மக்களுக்கு வணக்கம்.

உடல்நலக் கணக்கெடுப்புக்காக உங்கள் வீடுகளுக்கு வந்தோம். உங்கள் பதில்களை மருத்துவமனைப் பதிவுகளோடு இணைக்கச் சம்மதக் கையெழுத்துக் கேட்டோம். கையெழுத்துப் போட்டால் காப்பீட்டு அட்டை போய்விடும் என்று ஒரு குரல்பதிவு கிளம்பியது. அது எப்படிப் பரவியது, யார் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அந்தப் பயம் இப்போது அடங்கிவிட்டது. சாத்திய கதவுகள் திறந்தன, கடைசிப் படிவமும் பெட்டிக்குள் போய்விட்டது. அந்த நிம்மதி ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி, இந்த ஆய்வுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு. தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன். பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சம்மதப் படிவத்தின் நகல் ஒன்று, சம்மதித்தவர் கையிலேயே இருக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. ஆனால் ஏ4 தாளின் பொடி எழுத்தைக் கண்புரை உள்ள ஆயா எப்படிப் படிப்பார்? பேரன் வரட்டும் என்று மடித்து வைப்பார். அதற்குள் வதந்தி வீட்டுக்குள் வந்துவிடும். "கைநாட்டு வெச்ச பேப்பரு, படிக்கிற மாதிரி நம்மாண்ட ஒண்ணு இருக்கணும்ல" என்றார் அண்ணன். தங்கள் நகலோடு கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் 141 சதவீதம் வைத்து ஏ3 தாளில் பெரிதாக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பெரிதாக்கியதோடு விடவில்லை. எந்தெந்தப் பதிவைப் பார்க்கலாம் என்று டிக் போடும் கட்டங்கள் வெளிர்நீலம்; கருப்பு வெள்ளை நகலில் அந்த நிறம் சரியாக விழாது. கட்டம் மறைந்தால், எதற்குச் சரி சொன்னோம் என்பதே நகலில் தெரியாது. ஊதா மையில் வைத்த கைநாட்டும் வெளிறிப்போகும். அண்ணன் அடர்த்தியை ஏற்றி வைத்து எடுத்தார். இனி வைக்கும் கைநாட்டுகளுக்கு இருக்கட்டும் என்று தன் மேசையிலிருந்த கருப்பு மைப்பெட்டியை எடுத்து நீட்டினார்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. இப்போதைய நகல் இயந்திரங்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. எடுத்த தாளின் படம் அதில் தங்கிவிடக்கூடும். தினமும் ஷட்டரை இறக்கும் முன் அதை அழித்தார். படிவத்தை வாட்ஸாப்பில் அனுப்பட்டுமா என்று கேட்டவர்களிடம், "என் போன்ல கெடக்கும்மா, பேப்பராவே எட்தாந்துடு" என்றார். கோணலாக விழுந்த தாள்களை எடைக்குப் போடாமல் அங்கேயே கிழித்தார். எடைக்குப் போகும் தாள் பஜ்ஜி மடிக்க வரும் ஊர் இது. தரவுப் பாதுகாப்பு என்று பயிற்சி வகுப்புகளில் காட்டும் படங்களில் பாதியை எடுத்துவிட்டு, இவரை அரை மணி நேரம் பேசவிடலாம்.

பழைய ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவந்து காட்டினீர்களே, அதன் அருமை பதிவுகளை இணைக்க உட்காருபவர்களுக்குத்தான் தெரியும். ஒரே தெருவில் நான்கு செல்வி இருப்பார்கள். ஆதாரில் அப்பாவின் இனிஷியல், மருத்துவமனையில் கணவரின் இனிஷியல். 48 வயதுக்காரர் சீட்டில் 50 ஆகிவிடுவார். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1. போன் நம்பர் மகனுடையது, கதவிலக்கத்தில் பழையது ஒன்று, புதியது ஒன்று. ஒலியை வைத்துப் பெயர்களை ஒப்பிடும் சவுண்டெக்ஸ் முறை ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்யப்பட்டது. தேன்மொழியின் ழகரத்தை ஒருவர் இசட்-எச் என்றும் இன்னொருவர் எல் என்றும் எழுதினால் குறியீடே மாறிவிடும். தவறாக இணைத்தால் அடுத்த வீட்டுச் செல்வியின் சர்க்கரை உங்கள் கணக்கில் ஏறும். இணையாமல் விட்டால், நோயோடு இருப்பவர் நோயில்லாதவராக எண்ணப்படுவார். சரியான ஓ.பி. எண் ஒன்று கிடைத்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

சர்க்கரைக்கும் பி.பி.க்கும் சரி, காசநோய்ப் பதிவு வேண்டாம் என்று பிரித்து டிக் போட்டவர்கள் சங்கடப்பட வேண்டாம். கட்டங்கள் தனித்தனியாக இருப்பதே அதற்காகத்தான். எச்.ஐ.வி. பதிவு எந்தக் கட்டத்திலும் இல்லை. அதை வெளியிட எழுத்துமூலச் சம்மதம் தேவை என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, இணைப்பு மட்டும் வேண்டாம் என்று மறுத்தவர்களுக்கும் நன்றி. சம்மதித்தவர்களும் மறுத்தவர்களும் வயதிலும் உடல்நிலையிலும் வேறுபட்டால், இணைந்த பதிவுகளின் கணக்கு ஒரு பக்கம் சாயும். எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க உங்கள் பதில்கள்தான் உதவும்.

அங்கன்வாடி டீச்சர்கள், சுய உதவிக்குழு அக்காமார், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர்கள், வலை பின்னும் இடத்தில் உட்கார நிழல் கொடுத்த பெரியவர்கள், படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தபோது சாட்சியாக நின்ற பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

உங்களுக்குக் கொடுத்த வாக்கு இது. பெயர் ஓரிடம், பதில் ஓரிடம். பெயரை வைத்து இணைப்பவர் உங்கள் பதில்களைப் பார்க்க மாட்டார்; பதில்களை ஆராய்பவருக்குப் பெயர் போகாது, ஓர் எண் மட்டுமே போகும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். உங்கள் நகலின் அடியில் விலகல் சீட்டு இருக்கிறது. மனம் மாறினால் அதை வெட்டி அங்கன்வாடியில் கொடுங்கள். காரணம் கேட்க மாட்டோம். சிகிச்சைக்கும் காப்பீட்டுக்கும் அதனால் எதுவும் ஆகாது. அதுவரை இணைத்ததும் அழிக்கப்படும். ஏற்கெனவே வெளியான மொத்தக் கணக்கிலிருந்து மட்டும் ஒருவரைப் பிரித்தெடுக்க முடியாது. அண்ணன் கடையில் எடுத்த ஏ3 நகலில் அந்தச் சீட்டும் பெரிதாகத்தான் இருக்கும். அதை வெட்டிக் கொடுத்தாலும் செல்லும்.

இப்படிக்கு,
கணக்கெடுப்பு, பதிவு இணைப்புக் குழுவினர்