குளக்கரையில் சும்மா இருந்தவர்களுக்கு நன்றி

கோவை சிங்காநல்லூர் குளத்துக்கு வந்து போகிற அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஜனவரியிலும் குளத்தின் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நல்லபடியாக முடிந்தது. எண்ணியது நாங்கள்தான் என்றாலும், அந்தக் காலை நேரத்தில் கணக்கு கெடாமல் பார்த்துக்கொண்டவர்கள் வேறு பலர். எண்களை நம்பி வெளியில் காட்ட முடிகிறதென்றால் அது அவர்களால்தான்.

முதல் நன்றி பரிசல்கார அண்ணன்மார்களுக்கு. விடிந்ததும் வலை எடுக்கப் போகிறவர்கள், அன்று ஒன்பது மணிவரை பரிசலைக் கரையிலேயே கவிழ்த்து வைத்திருந்தீர்கள். நேரம் தப்பினால் மீன் விலை இறங்கிவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் கிடைத்தது என்ன என்று சொல்லிவிடுகிறோம். பரிசல் நடுக்குளத்துக்கு வந்தால் நாமக்கோழிகள் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடி அடுத்த மூலையில் சேர்ந்துகொள்ளும். கண்ணில் வைத்துத் தொடர்ந்துவிடலாம். நீலச்சிறகி வாத்துகள் அப்படியல்ல. கூட்டமாக எழும்பி இரண்டு மூன்று சுற்று சுற்றி, எண்ணி முடித்த பக்கத்தில் இறங்கினால் கணக்கில் சேராமலே போய்விடும். ஏற்கெனவே எண்ணிய கூட்டம் இன்னும் எண்ணாத பக்கத்துக்குப் போனால் இருமுறை ஏறிவிடும்.

இதற்காகத்தான் குளத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, நான்கு இடத்திலும் 6.45-க்கு ஒன்றாகத் தொடங்கினோம். பகுதிக்கு மூன்று பேர்: ஒருவர் ஸ்கோப்பில் (முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி) எண்ண, ஒருவர் பைனாகுலரில் தலைக்கு மேல் போவதைப் பார்க்க, ஒருவர் எழுத. எண்ணுகிறவரையே எழுதவும் சொன்னால் காரியம் கெட்டுவிடும்; குனிந்து நிமிர்வதற்குள் எங்கே விட்டோம் என்பது மறந்துபோகும். வாத்துகளை முதலில் முடித்துவிட வேண்டும், கலைந்தால் முதலில் கிளம்புவது அவைதான். பெரிய கூட்டமானால் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு, அந்த அளவையே நகர்த்திப் போகலாம். நெருங்கி நிற்கும் கூட்டத்தைப் பெரும்பாலோர் குறைத்துத்தான் மதிப்பிடுவார்கள். ஆகவே இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுவது நல்லது. முக்குளிப்பானுக்கு வேறு வழி. எந்த நேரமும் சில தண்ணீருக்கு அடியில் இருக்கும் என்பதால், இரண்டு முறை ஒரே திசையில் பார்த்துவிட்டு, பெரிய எண்ணை எடுத்துக்கொள்கிறோம். இரண்டையும் கூட்டக் கூடாது. சராசரி எடுப்பதிலும் பொருளில்லை.

மனிதர்கள் ஒத்துழைத்தாலும் சேற்றுப் பூனைப்பருந்து ஒத்துழைக்காது. நாணலுக்கு மேல் தாழப் பறந்து வந்தால் வாத்தெல்லாம் கிளம்பிவிடும். அப்போது நான்கு இடத்துக்கும் போனில் சொல்லி, எந்த நிமிடம், எந்தத் திசைக்கு, சுமார் எத்தனை என்று எழுதி வைத்தோம். மாலையில் நான்கு தாளையும் அருகருகே வைத்து இரட்டிப்பைக் கழிக்க உதவியது அந்த நிமிடக் குறிப்புதான்.

அடுத்து, தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் அக்காமார்கள். அன்று மட்டும் கரையில் வைக்காமல் சாலைப் பக்கம் தள்ளி வைத்தீர்கள். ஒரே ஒரு நாய் சேற்றோரம் நடந்தால் போதும், பவளக்கால் உள்ளான்களும் பொரி உள்ளான்களும் அந்த ஓரத்தையே காலி செய்துவிடும். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் ஸ்கோப்புக்கு முன்னால் நிற்காமல் பின்பக்கமாகச் சுற்றிப் போனதும் பெரிய உதவி. கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால்தான் காலை வெயில் முதுகில் விழும். எதிர்வெயிலில் ஊசிவால் வாத்தும் ஆண்டி வாத்தும் வெறும் கருநிழல். கழுத்து நீளத்தையும் அலகின் அகலத்தையும் வைத்தே முடிவு செய்ய வேண்டிவரும். எட்டரைக்கு மேல் தண்ணீர்ப் பரப்பில் கானல் அசையத் தொடங்கும். அறுபது மடங்கு பெரிதாக்கினால் படமும் சேர்ந்து அசையும். இருபது, முப்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி.

புகைப்படக்காரர்களுக்கு இரண்டு நன்றி. ஒன்று, நாணலுக்குள் பதுங்கும் பறவையை வெளியே வரவழைக்க யாரும் போனில் குரல் பதிவை ஒலிக்க விடவில்லை. குரலுக்குப் பதில் சொல்ல வரும் பறவை தீனியை விட்டுவிட்டு வருகிறது என்பது ஒருபுறமிருக்க, பதிவு எது, பறவை எது என்று கேட்டு எண்ணுகிறவருக்குக் குழம்பிவிடும்.

மற்றது, பறக்கும்போது எடுத்த படங்களைத் திருத்தாமல் அப்படியே தந்தது. பழுப்பு வாத்துகளில் சந்தேகம் வராத ஆண்டே கிடையாது. ஆண் நீலச்சிறகி இங்கே வந்து சேரும்போது பெட்டையைப் போலத்தான் இருக்கும். வெள்ளைப் புருவம் தெளிவதற்குள் குளிர்காலம் பாதி போய்விடும். ஆனால் இறக்கையின் முன்பாதியில் உள்ள வெளிர் நீலச் சாம்பல் நிறம் எந்தக் கோலத்திலும் மாறாது. விரித்த இறக்கைப் படம் இருந்தால் ஆண் என்று சொல்லிவிடலாம். பெட்டை நீலச்சிறகியையும் பெட்டைக் கிளுவையையும் பிரிக்க முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கண் வழியாக ஒன்றும் கன்னத்தில் ஒன்றுமாக இரண்டு கருங்கோடும், அலகடியில் வெளிர்ப் பொட்டும் இருந்தால் நீலச்சிறகி. முகம் ஏறக்குறைய வெறுமையாக, வாலோரம் வெளிர்க் கீற்று தெரிந்தால் கிளுவை. படத்தில் நிறத்தைக் கூட்டிவிட்டால் இந்த அடையாளங்கள்தான் முதலில் காணாமல் போகும்.

கரையோரம் கிடந்த அறுந்த நரம்பு வலைகளை முதல் நாளே சுருட்டி அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கும், மதகுப் பக்கம் நீர்மட்டத்தைக் குறித்துத் தந்தவருக்கும் நன்றி. நீர்மட்டம் இல்லாமல் எண்ணுக்குப் பாதி அர்த்தம்தான். தண்ணீர் நிறைந்து நின்றால் சேற்றோரம் மூழ்கி உள்ளான் வகைகள் குறையும். தலைகீழாகக் கவிழ்ந்து மேயும் வாத்துகளும் ஆழம் குறைந்த ஓரத்தைத்தான் தேடும். பறவை குறைந்ததா, தண்ணீர் கூடியதா என்று அடுத்த ஆண்டு யாராவது கேட்டால் அந்தக் குறிப்பே பதில்.

பட்டியலை இபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிய கல்லூரி மாணவர்களே, எண் போட வேண்டிய இடத்தில் ‘பார்த்தோம், எண்ணவில்லை’ என்று பொருள்படும் எக்ஸ் போடாமல் விட்டதற்குத் தனியாக ஒரு சபாஷ். நான்கு பகுதிக்கு நான்கு பட்டியல், ஒரு பகுதியில் நின்ற மூன்று பேருக்கும் ஒரே பட்டியலைப் பகிர்தல் என்று சரியாகச் செய்தீர்கள். மூவரும் தனித்தனியாக ஏற்றியிருந்தால் ஒரே வாத்து மூன்றாகியிருக்கும். ஆகாயத்தாமரை மூடிய மூலையில் நீளவால் இலைக்கோழிகளை முழுதாக எண்ண முடியவில்லை. அந்த எண்ணைக் குறைந்தபட்சமாகவே கொள்ளவும் என்று குறிப்பெழுதியதும் நீங்கள்தான்.

1987-இல் தொடங்கி ஜனவரிதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் இந்த எண்கள் போகின்றன. 2017-இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்ட குளம் இது. அந்தப் பெயருக்கு ஆதாரம் கேட்டால் காட்ட இப்படிப்பட்ட தாள்கள்தான் இருக்கின்றன.

பிப்ரவரியில் தண்ணீர் வற்றச் சேறு வெளிப்படும். உள்ளான்களை மட்டும் இன்னொரு முறை எண்ணப் போகிறோம். பரிசல்கார அண்ணன்மார்களே, அன்றைக்கு எட்டு மணிவரை பொறுத்தால் போதும். தேதியை உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் வைப்போம்.

இப்படிக்கு,
சிங்காநல்லூர் குளத்தில் எண்ணிய பறவை நோக்கர்கள்