அது பயனற்றுக் கிடந்த நிலமன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்க் குப்பைமேடு பூங்காவாக மாறவிருப்பது பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். அதில் "நெடுங்காலமாக எவருக்கும் பயன்படாமல் கிடந்த மணல்மேடு" என்றொரு வரி வருகிறது. இருபது ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாங்கிப் படித்துவரும் என்னால் அந்த வரியைக் கடந்துபோக இயலவில்லை.

அந்த மேட்டில்தான் எங்கள் ஊற்றுகள் இருந்தன. இராமநாதபுரம் கடற்கரையின் நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்பது தாங்கள் அறியாததன்று. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, எடை குறைந்த நீராகையால், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும். அளவாகத் தோண்டினால் நல்ல தண்ணீர், ஆழமாகத் தோண்டினால் உப்பு. சித்திரை மாதத்தில் என் தாயார் விடியுமுன்பே சென்று, ஊற்றின் விளிம்பில் அமர்ந்து, சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்புவார். பிறகு தண்ணீர் ஊறும்வரை அடுத்தவர் காத்திருப்பார். செருப்புக் காலுடன் எவரும் அதன் அருகே போனதில்லை.

அந்த இடத்தில்தான் குப்பை வண்டிகள் வந்து நின்றன. மனு கொடுத்தோம், தற்காலிக ஏற்பாடு என்றார்கள். சில ஆண்டுகளில் ஊற்றுநீர் பழுப்பேறி நாறியது. இன்று குடத்துக்கு விலை கொடுத்து லாரித் தண்ணீர் வாங்குகிறோம். அந்நாளில் நான் தங்களுக்கு எழுதிய இரண்டு கடிதங்களும் வெளிவரவில்லை. பக்கங்களில் இடமிருந்திராது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். இப்போது பூங்காவின் வரைபடத்துக்கு ஒரு முழுப் பக்கம் கிடைத்திருப்பதைப் பார்த்தபோது உண்மையிலேயே வேதனைப்பட்டேன்.

கட்டுரையாளர் சியோல் நகரின் நஞ்சிடோவை முன்னுதாரணமாகக் காட்டுகிறார். 1978 முதல் 1993 வரை குப்பை கொட்டப்பட்ட அந்த இடம் 2002-இல் பூங்காவானது உண்மையே. ஆனால் அங்கே குப்பையைச் சுற்றி நிலத்துக்கடியில் தடுப்புச்சுவர் எழுப்பினார்கள். கசிவுநீரைச் சுத்திகரிக்கவும், உள்ளே உருவாகும் வாயுவைக் குழாய்வழியே எடுக்கவும் வழி செய்தார்கள். எங்களுக்குச் சொல்லப்படுவதோ இரண்டடிச் செம்மண், அதன்மேல் புல்தரை, நடுவே ஒரு செயற்கை நீரூற்று. எங்கள் மணல் எதையும் தடுத்து நிறுத்தாது. மழையும், புல்லுக்குப் பாய்ச்சும் நீரும் அழுகிய குப்பையின் வழியே இறங்கி, எஞ்சியிருக்கும் நல்ல தண்ணீரையும் கெடுத்துவிடும். சென்னைப் பெருங்குடியில் செய்ததைப்போலப் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து அகற்றும் திட்டம் ஏன் எங்களுக்கு இல்லை? மூடிய குப்பைக் கிடங்கைக் குறைந்தது 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறியிருந்ததைக் கட்டுரை ஏன் குறிப்பிடவில்லை? உப்புக்காற்றைத் தாங்கித் தாமாக வளரும் உடைமரமும் பனையும் பூவரசும் இருக்க, குடிநீரையே விலைக்கு வாங்கும் ஊரில் புல்லை நனைக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

பூங்கா வேண்டாமென்று நான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட ஓரிடம் கட்டாயம் வேண்டும். சுற்றியுள்ள கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டுப் பெற்று, வேலை தொடங்குமுன் வெளியிடுங்கள். "எவருக்கும் பயன்படாமல் கிடந்த" என்பதை "ஊரார் தண்ணீர் எடுத்துவந்த" என்று அடுத்த இதழில் திருத்துங்கள். என் தாயாருக்கு இப்போது 83 வயது. தங்கள் இதழை அவருக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். சென்ற இதழில் அந்தப் பக்கத்தை மட்டும் வாசிக்காமல் புரட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகர்,
இராமநாதபுரம் மாவட்டம்.