பேரூராட்சிக்கு மானநஷ்டம் கிடையாது

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்பதில் மகிழ்ச்சி. கான்கிரீட் சாலையைப் பற்றி முகநூலில் எழுதிய உங்கள் ஊர்த் தம்பிக்கு மானநஷ்ட வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, பதிவை அழித்துவிடலாமா என்று கேட்கிறார் என எழுதியிருந்தாய். அழிக்க வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடு. நோட்டீஸ் விட்டவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார். அழித்துவிட்டால் தம்பி கையில்தான் ஒன்றும் மிஞ்சாது.

நோட்டீஸ் யார் சார்பில் வந்திருக்கிறது என்று முதலில் பார். பேரூராட்சி சார்பில் என்றால் பயமே வேண்டாம். 1994-இல் நக்கீரன் ராஜகோபால் வழக்கில், அதாவது ஆட்டோ சங்கர் சுயசரிதை வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அரசோ உள்ளாட்சி அமைப்போ மானநஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் டெர்பிஷையர் கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பு சண்டே டைம்ஸ் பத்திரிகை மீது போட்ட வழக்கில் வந்த தீர்ப்பும் இதுதான். மக்கள் தேர்ந்தெடுத்த அமைப்பை மக்கள் தாராளமாக விமர்சிக்கலாம்.

தலைவரோ செயல் அலுவலரோ சொந்தப் பெயரில் வந்தால் விஷயம் வேறு. அப்போதும் சிவில் வழக்கில் அதே 1994 தீர்ப்பு கைகொடுக்கும். பதவிப் பணியைப் பற்றி எழுதியது தவறாகவே இருந்தாலும், நியாயமான அளவுக்குச் சரிபார்த்துத்தான் எழுதினேன் என்று காட்டினால் போதும். குற்ற வழக்கு அப்படியல்ல. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு; உண்மை, பொதுநலன், நல்லெண்ணம் என்ற விலக்குகளை எழுதியவர்தான் நிறுவ வேண்டும். ஆனால் இந்தப் பிரிவில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டும் தம்பி தரப்பைக் கேட்காமல் வழக்கைக் கோப்பில் எடுக்கக் கூடாது. ஸ்டேஷனிலிருந்து போனில் கூப்பிட்டால், எந்தப் பிரிவு என்று எழுத்தில் நோட்டீஸ் கேட்கட்டும். இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ என்றால், அது 2015 மார்ச்சிலேயே ரத்தானது. அப்புறமும் அதில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததால் 2022-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தடுக்க வேண்டியிருந்தது.

சட்டம் நம் பக்கம் என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. நெல்லை ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பை ஒட்டிக் கார்ட்டூன் போட்ட பாலாவை 2017 நவம்பரில் கைது செய்தார்கள். வழக்கு ரத்தாக 2021 ஆனது. அலைக்கழிப்பே தண்டனையாகிவிடுகிறது.

அதனால் ‘சரிபார்த்தேன்’ என்பதற்கான காகிதத்தை இப்போதே சேர்க்கத் தொடங்கட்டும். தகவல் உரிமை மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஸ்பீடு போஸ்ட் ரசீது. ‘ஏன் சாலை மோசமாக இருக்கிறது’ என்று கேட்டால் ‘பதிவேட்டில் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் (முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம்), ஒப்பந்ததாரரின் பில், மன்றத் தீர்மானம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

எம்-புக்தான் உயிர்நாடி. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று அதில் இருந்தால் 45 கனமீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் போயிருக்கிறது. கனம் 10 சென்டிமீட்டர்தான் என்றால் போட்டது 30 கனமீட்டர். ஆனால் ஓர் ஓரத்தில் மட்டும் டேப் வைத்துவிட்டு எழுதக் கூடாது. ஓரத்தில் மண் அணைத்திருப்பார்கள். அதை விலக்கி, இரண்டு பக்கமும் பல இடங்களில், டேப் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். நடுவில் கனம் வேறாக இருக்கலாம் என்பதால் ‘ஓரங்களில் அளந்தபோது 10 செ.மீ., எம்-புக்கில் 15 செ.மீ.’ என்று மட்டும் எழுதி, சாலையைத் துளையிட்டு மாதிரி (கோர்) எடுத்துச் சோதிக்கும்படி மனுக் கொடுக்கட்டும். ‘தலைவர் கமிஷன் அடித்தார்’ என்ற ஒரு வரிதான் இவரை மாட்டிவிடும். அந்த வரி இப்போது பதிவில் இருந்தால், தேதி போட்டுத் திருத்தி, பழைய வடிவத்தையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். படம் எடுத்த போனையும் மாற்ற வேண்டாம். வாட்ஸப்பில் போன படம் சுருங்கி ஹாஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற எண்) மாறிவிடும். கோர்ட்டில் பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4)-இன்படி மின்னணு ஆதாரத்துக்குத் தரும் சான்றிதழுக்கு மூலக் கோப்பு வேண்டும்.

இன்னொன்று. வேல்ஸில் கார்மார்தன்ஷையர் கவுன்சிலின் தலைமை நிர்வாகி ஒரு வலைப்பதிவர் மீது போட்ட எதிர்வழக்குக்குக் கவுன்சில் பணமே போனது. 2013-இல் பதிவர் தோற்றார், 25,000 பவுண்டு இழப்பீடு தரவேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு தணிக்கையாளர் அந்தச் செலவே சட்டவிரோதம் என்றார். உங்கள் ஊரிலும் வக்கீல் ஃபீஸ் யார் கொடுத்தது, எந்தத் தீர்மானத்தின்படி என்று அதே மனுவில் கேட்கச் சொல். ஊர்ப் பணத்தை எடுத்து ஊர்க்காரன் வாயை அடைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நோட்டீஸின் எல்லாப் பக்கமும், உறையின் தபால் முத்திரையும் தெரியும்படி எனக்கு அனுப்பு. பதிலை நாம் பார்த்து எழுதலாம்.

அன்புடன்,
உன் நண்பன்