புகார் எழுதாதவர்களின் சார்பில் ஒரு திறந்த மடல்

நகர்மன்ற உறுப்பினர்களுக்கும், நகரமைப்பு அலுவலர்களுக்கும், ஊருக்கு விதி எழுதிக் கையெழுத்துப் போடும் எல்லோருக்கும்,

வணக்கம்.

இன்று காலை எட்டு மணிவாக்கில் என் உள்ளங்கையில் ஒரு முட்டை இருந்தது. இட்டு சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். நம்முடையதைவிட நான்கு டிகிரி கூடுதல். அதனால் அப்போது இட்ட முட்டையைக் கையில் எடுத்தால் ஒரு சின்ன உயிரைப் பிடித்திருப்பது போலவே இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை மதில் மேல் கையை நீட்டி அதை வாங்கி, கன்னத்தில் வைத்துப் பார்த்தது. அப்புறம் பள்ளிக்கு ஓடிவிட்டது. இதை உங்களிடம் சொல்லத்தான் இந்த மடல்.

போன மாதம் இதே கோழிகளைப் பற்றி ஒரு புகார் போயிருந்தது. விடியுமுன்பே கூவி எழுப்புகிறதாம். விசாரிக்க வந்த அலுவலர் மரியாதையாகவே பேசினார். அவர் கையில் இருந்த படிவத்தில் சத்தம், நாற்றம், ஈ, எலி என்று கட்டங்கள் இருந்தன. என்னிடம் இருப்பவை மூன்று பெட்டைகள். கூவியது வேறு எங்கோ இருந்த சேவல். அவர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து, எந்தக் கட்டத்திலும் எதையும் குறிக்காமல் திரும்பினார். எனக்கு அவர் மேல் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் படிவம் மனதில் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை தினமும் காலையில் மதிலருகே வந்து நிற்பதை எழுத அதில் இடமே இல்லை.

சந்தோஷமாக இருக்கிறவர்கள் மனு எழுதுவதில்லை. மாலையில் ஆற்றுப் பாலத்தில் நின்று காற்று வாங்கிவிட்டு வீட்டுக்குப் போகிறவர், 'இன்று நன்றாக இருந்தது, நன்றி' என்று யாருக்கும் கடிதம் போடமாட்டார். மர நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் இரண்டு முதியவர்களும் அப்படித்தான். உங்கள் மேசைக்கு வருவதெல்லாம் புகார்தான். பத்து வருடம் புகார் மட்டுமே படிக்கிற யாருக்கும் ஊர் என்றாலே தொல்லை என்றுதான் தோன்றும். கோப்பில் கோழி என்றால் சத்தம், பழைய பாலம் என்றால் ஆபத்து, பெஞ்ச் என்றால் வெட்டிக்கூட்டம். கடைசியில் தடை போடுவதுதான் சுலபமான வழியாகத் தெரிகிறது. எழுதாமல் இருந்துவிட்டவர்களின் சார்பில் நான் எழுதுகிறேன்.

முதலில் கோழி.

பெட்டையும் சேவலும் ஒன்றல்ல என்பதிலிருந்து விதி தொடங்க வேண்டும். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு வேண்டுமானால்தான் தேவை. பெட்டை முட்டையிட்டதும் சில நிமிடம் கொக்கரிக்கும், அதுவும் பகலில். சேவலின் கதை வேறு. சேவல் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கூவுகிறது என்று நினைத்திருந்தோம். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ல் வெளியிட்ட ஆய்வின்படி, அதன் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. மங்கிய ஒரே அளவு வெளிச்சத்தில் வைத்திருந்தபோதும் அது தன் நேரப்படியே கூவியது. ஆகவே இருட்டில் மூடி வைத்தால் பேசாமல் இருக்கும் என்று நம்பிப் பயனில்லை. சுவரும் சுவரும் ஒட்டிய குடியிருப்பில் சேவல் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நானே உங்கள் பக்கம் நிற்பேன். நியூயார்க் நகரம் அப்படித்தான் செய்கிறது. அங்கே வீட்டில் பெட்டைக்கோழி வளர்க்கலாம், சேவலுக்கு அனுமதி இல்லை. அத்தனை நெருக்கமான நகரத்திலேயே முடிகிறதென்றால் மற்ற ஊர்களில் ஏன் முடியாது?

கோழி வளர்ப்பதில் என்ன சந்தோஷம் என்று கேட்பவர்கள் உண்டு. சொல்கிறேன். ஒரு முட்டை உள்ளே உருவாகி வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். அதனால் இன்று எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை ஒன்பதுக்கு இடும், மறுநாள் இன்னும் தள்ளிப்போகும். பிற்பகல் நெருங்கியதும் ஒரு நாள் இடாமல் இருந்துவிட்டு, மறுபடி காலையிலிருந்து தொடங்கும். இதைக் கவனிக்கத் தொடங்கியபோதுதான், கடிகாரத்தை மட்டும் பார்த்து ஓடிக்கொண்டிருந்த எனக்கு நாள் என்பது வேறு மாதிரியும் நகரும் என்று தெரிந்தது. வெயில் ஏறியதும் மூன்றும் காய்ந்த மண்ணில் குழி பறித்துப் படுத்து, இறக்கையை விரித்துப் புழுதியில் புரளும். உண்ணியையும் பேனையும் உதிர்க்க அவற்றுக்கு அதுதான் குளியல். பொழுது சாய்ந்தால் யாரும் விரட்டாமல் தானாகவே வரிசையாகக் கூட்டுக்குள் ஏறும்.

அந்த வரிசையில் யார் முதல், யார் கடைசி என்பதும் அவற்றுக்குள் தீர்மானமான விஷயம். எந்தக் கோழி எதைக் கொத்தலாம் என்ற அந்த ஒழுங்கை 1921ல் அறிவியலாக எழுதியவர் நார்வேயைச் சேர்ந்த தோர்லெஃப் ஷெல்டெரப் எப்பே. சிறு பையனாக இருந்தபோதே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெழுதத் தொடங்கியவர் அவர். விலங்குகளின் சமூக வாழ்க்கையைப் பற்றிய ஆய்வில் பெரிய வாசல் ஒன்று, கோழி மேய்வதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பிள்ளையால் திறந்தது. மதிலருகே வந்து நிற்கிற பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

சிக்கல்களை நான் மறைக்கவில்லை. தீவனம் சிந்திக் கிடந்தால் எலி வரும். ஆகவே மூடி போட்ட டின்னில்தான் வைக்க வேண்டும், மிஞ்சியதை இரவுக்கு முன் அள்ளிவிட வேண்டும். எச்சத்தை அப்படியே செடிக்குப் போட்டால் வேர் கருகிவிடும், நாற்றமும் வரும். காய்ந்த இலையோடு சேர்த்து மட்க வைத்தால் அருமையான உரம். சால்மோனெல்லா கிருமி கோழியிடமிருந்து மனிதருக்கு வரக்கூடியது. தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் எச்சரிக்கை வந்தால் வெளியே விடாமல் அடைத்து வைக்க வேண்டும். இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பழைய நகரங்களின் மண்ணில் ஈயம் இருக்கலாம். ஈயம் கலந்த பெயிண்டும் பெட்ரோலும் விட்டுப்போனது அது. கோழி அந்த மண்ணைக் கிளறித் தின்றால் முட்டையிலும் ஈயம் வரும். மண்ணைப் பரிசோதித்துத் தர நகராட்சி ஒரு வசதி செய்தால், நூறு தடைகளைவிட அது உதவும்.

நான் கேட்கும் விதி அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. இத்தனை பெட்டைகள் வரை, சேவல் இல்லாமல், அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து இத்தனை அடி தள்ளி, இரவில் மூடிய கூண்டு, மூடிய தீவனம். மீறினால் அபராதம் போடுங்கள். கூண்டு சுத்தமாக இருக்கும் வீட்டை விட்டுவிடுங்கள்.

அடுத்து பாலம். இதில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

நகரத்தில் சும்மா நிற்பதற்கு இடம் கிடையாது. கடை வாசலில் நின்றால் என்ன வேண்டும் என்பார்கள். அடுத்தவர் வீட்டுக்கு எதிரே நின்றால் சந்தேகப்படுவார்கள். நடைபாதையில் நின்றால் பின்னால் வருபவர் இடிப்பார். நடக்கிறவர்களுக்கு மட்டுமேயான ஒரு பாலத்தின் நடுவில், கைப்பிடியில் முழங்கையை ஊன்றி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தினமும் உள்ளேயிருந்து மட்டும் பார்க்கும் ஊரை அங்கிருந்துதான் முழுதாகப் பார்க்க முடியும். காற்று வரும். பக்கத்தில் நிற்பவரோடு பேசினால் குரல் கேட்கும். இஞ்சின் சத்தம் இல்லாத இடத்தில் மனிதர்கள் எவ்வளவு மெதுவாகப் பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா?

இப்படிப்பட்ட பாலங்களில் சில, இடிக்கச் சொன்ன பாலங்கள். அமெரிக்காவின் சட்டனூகா நகரில் டென்னசி ஆற்றின் மேல் 1890ல் கட்டிய வால்நட் தெருப் பாலம் பழுதாகி, 1978ல் வண்டிகளுக்கு மூடப்பட்டது. இடித்துவிடலாம் என்றுதான் பேச்சு. ஊர்க்காரர்கள் விடவில்லை, பணம் திரட்டினார்கள், வாதாடினார்கள். 1993ல் அது நடைப்பாலமாகத் திறந்தது. நீளம் 700 மீட்டருக்கு மேல். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றின் மேல் 1889ல் திறந்த பொக்கிப்சி ரயில் பாலம் 1974ல் தீப்பிடித்து, அதன்பின் ரயில் ஓடாமல் கிடந்தது. 2009ல் அதன் மேல் மக்கள் நடக்கத் தொடங்கினார்கள். இரண்டு கிலோமீட்டர் நீளம், ஆற்றுக்கு வெகு உயரத்தில்.

லாரியைத் தாங்க முடியாத பாலத்தை உடனே பயனற்றது என்று எழுதிவிடாதீர்கள். பழுது பார்த்துப் பலப்படுத்தினால் நடப்பவர்களை அது இன்னும் பல ஆண்டுகள் தாங்கக்கூடும். முதலில் பொறியாளரை அழைத்து அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

நடப்பவர்களுக்கு எதைக் கட்டினாலும் போதும் என்ற அலட்சியமும் கூடாது. லண்டனில் தேம்ஸ் மேல் கட்டிய மில்லேனியம் பாலத்தை 2000 ஜூனில் திறந்தார்கள். முதல் நாளே கூட்டம் ஏற, பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. லேசாக ஆடியதும் மக்கள் விழாமலிருக்க ஆட்டத்துக்கேற்பக் கால் வைத்தார்கள். அப்படி எல்லோர் காலும் ஒன்றாக அழுத்தியதில் ஆட்டம் கூடியது. இரண்டே நாளில் மூடினார்கள். அதிர்வை உறிஞ்சும் கருவிகளைப் பொருத்தி 2002ல்தான் திரும்பத் திறந்தார்கள். மனித நடை ஒரு பாலத்தையே ஆட்டும் விசை. அதற்கும் கணக்குப் போட வேண்டும்.

சாலைக்குக் குறுக்கே நீங்கள் கட்டும் நடைமேம்பாலங்களைத் தயவுசெய்து இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அடியில் லாரி போக வேண்டுமென்றால் ஆறு மீட்டராவது ஏற வேண்டும். 15 சென்டிமீட்டர் படி என்றால் நாற்பது படி. முழங்கால் வலிக்காரர் நாற்பது படி ஏறி, நாற்பது படி இறங்கி எதிர்ப்பக்கம் போக வேண்டும், கார் மட்டும் நிற்காமல் போகும். அது வண்டிகளுக்காகக் கட்டிய பாலம். அங்கே ஒரு சிக்னலும், பாட்டியின் நடைக்குப் போதுமான விநாடிகளும் கொடுத்தால் நாற்பது படியும் மிச்சம். ஆற்றின் மேல் நடைப்பாலம் கேட்கிறோம். சாலையை நேராகக் கடக்க விடுங்கள்.

பெஞ்ச் பற்றிக் கொஞ்சம். நியூயார்க்கில் 1961ல் வந்த விதிப்படி, கட்டடத்துக்கு முன்னால் பொது முற்றம் விட்டால் கூடுதல் தளங்கள் கட்டிக்கொள்ளலாம். முற்றங்கள் வந்தன. பலவற்றில் மக்கள் இல்லை. வில்லியம் ஒயிட் என்பவர் கேமராவோடு அவற்றைக் கவனித்துக் கண்டது மிக எளிமையானது: உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். 1975ல் விதியைத் திருத்தி, முற்றத்தில் இருக்கை கட்டாயம் என்றார்கள். எனக்கு இதில் பிடித்தது, ஒருவர் போய்ப் பார்த்தார் என்பதுதான். எங்கே யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று எண்ணினார். படுத்துவிடுவார்களோ என்று பயந்து பெஞ்ச் நடுவில் இரும்புப் பட்டை வைக்கும் ஊர்களில் யாராவது அப்படி எண்ணிப் பார்த்திருப்பார்களா?

தயக்கமாக இருந்தால் நிரந்தரமாகச் செய்ய வேண்டாம், தற்காலிகமாகச் செய்யுங்கள். கோபன்ஹேகனின் ஸ்ட்ரோயெட் தெருவை 1962 நவம்பரில் வண்டிகள் இல்லாமல் ஆக்கியபோது அது சோதனை முயற்சிதான். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். குளிர் நாட்டில் யார் வெளியில் உட்காருவார்கள் என்றும் கேட்டார்கள். 1964ல் அது நிரந்தரமானது. இன்றும் மக்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள். கோழிக்கும் ஒரு வருட அனுமதி கொடுத்துப் பாருங்கள். மூடிய பாலத்தைப் பொறியாளர் சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் நடப்பவர்களுக்குத் திறந்து பாருங்கள். வருடக் கடைசியில் புகார்களையும் எண்ணுங்கள், வந்து நின்றவர்களையும் எண்ணுங்கள்.

இனி உங்கள் மேசைக்கு இடிக்கவோ தடுக்கவோ சொல்லும் தாள் ஒன்று வந்தால், கையெழுத்துப் போடுமுன் அந்த இடத்துக்கு ஒரு முறை நடந்து போங்கள். வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிடுங்கள். கூட யாரும் வேண்டாம், முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம். காலையில் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள், அதனால் மாலை ஐந்தரைக்குப் போங்கள். பாலமென்றால் நடுவில் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். கோழியென்றால் அவை கூடடையும் நேரத்துக்குப் போய்க் கூண்டுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அங்கே யாராவது ஒரு பிள்ளை நிற்கும். அதனிடம் கோழிகளின் பெயரைக் கேளுங்கள்.

அன்புடன்,
மூன்று பெட்டைகள் வளர்க்கும், தினமும் நடக்கும் ஒரு நகரவாசி